டெல்டாக்காரங்க ஒரே நாள்ல அய்யர்மலை ஏறி இறங்கிட்டு வர முழு வழிகாட்டி

நம்ம பக்கம் பொறந்து வளர்ந்தவங்களுக்கு மேடுன்னா ஆத்தங்கரை, இல்லைன்னா வாய்க்கால் கரை. மலைன்னா சுவாமிமலை, அதுவும் கட்டுமலைதான், தமிழ் வருஷக் கணக்குக்கு 60 படி, ஏறி முடிச்சா மூச்சு கூட வாங்காது. அதனால யாராவது மலையேறப் போலாமான்னு கேட்டா உடனே கொல்லிமலை, கொடைக்கானல்னு ரெண்டு நாள் பிளான் போட ஆரம்பிச்சு, லீவு கிடைக்காம அப்படியே விட்டுடறோம். விடியக்காலை கிளம்பி ராத்திரி வீட்டு சாப்பாட்டுக்குத் திரும்பற தூரத்துல ஒரு நல்ல மலை இருக்கு, குளித்தலை பக்கத்துல அய்யர்மலை. ரத்தினகிரின்னும் சொல்லுவாங்க, அப்பர் பாடின திருவாட்போக்கி இதுதான். மொத்தம் 1017 படி, அதாவது 17 சுவாமிமலை. கஷ்டமான ஏத்தம்னு சொல்ல மாட்டேன், ஆனா படியே ஏறிப் பழகாத கால் ஒரே மூச்சா ஏறிடவும் முடியாது, கொஞ்சம் தயாராகி நேரம் பார்த்துப் போனா எட்டு வயசு புள்ளையும் ஏறும், அறுபது வயசு அம்மாவும் ஏறுவாங்க.

நான் இதுவரைக்கும் ஆறு தடவை ஏறியிருக்கேன், முதல் தடவை எல்லாத்தையும் தப்பாப் பண்ணினோம். சித்திரை மாசம், ஊர்லேர்ந்து ஏழு மணிக்கு மேல கிளம்பி, அடிவாரம் போய்ச் சேரவே பதினொண்ணு ஆயிடுச்சு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு பெரியப்பாவும் நானும் வெறுங்காலோட ஏறினோம். எனக்கு பாதம் சுட்டுது, அதனால நிழல் தேடித்தேடி தாவிப் போனேன், பெரியப்பா சாதாரணமா நடந்து வந்தார், அவருக்கு பக்தி ஜாஸ்தி அதான் தெரியலன்னு நினைச்சுக்கிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து கால் கழுவறப்பதான் பார்த்தோம், ரெண்டு உள்ளங்கால்லயும் ரூபாய் காசு அளவுக்கு கொப்புளம், ஒண்ணு உடைஞ்சு தோல் உரிஞ்சு தொங்குது, அவருக்கு வலியே தெரியல. இருபது வருஷ சுகர். சுகர் நாள்பட்டா கால் நரம்பு மரத்துப்போகும், சூடு தெரியாது. அந்தப் புண்ணு ஆற ஒன்றரை மாசம் ஆச்சு. இந்த வழிகாட்டிய நான் எழுதறதுக்கு முக்கியமான காரணமே அந்த கால்தான்.

எந்த மாசம் போறது

மார்கழி பாதிலேர்ந்து தை கடைசி வரைக்கும், என்னைக் கேட்டா அதுதான் சரியான சமயம். ஐப்பசி கார்த்திகை மழை அடங்கியிருக்கும், வெயில் இருந்தாலும் உறைக்காது, இன்னொண்ணு ஆத்துல தண்ணி இருக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடறதுன்னு வழக்கமா ஒரு கணக்கு இருக்குறது நம்ம எல்லாருக்கும் தெரியும், மழையப் பொறுத்து முன்னப்பின்ன ஆகும், ஆனா அந்தக் கணக்குப்படி பார்த்தா பொங்கலை ஒட்டி மேலேர்ந்து பார்க்கறப்போ காவிரி காவிரியாத் தெரியும், பங்குனி சித்திரையில போனா மணல்தான் தெரியும். விவசாயம் பார்க்கறவங்களுக்கும் சம்பாவுக்கு கடைசி உரம் போட்டுட்டு அறுப்பு மெஷினுக்கு அலையறதுக்கு நடுவுல ஒரு பத்து நாள் ஓய்வு கிடைக்குமே, அதுல ஒரு நாள் எடுத்துக்கலாம்.

கார்த்திகை சோமவாரம் அங்க விசேஷம், கூட்டம் நெரியும். சாமி கும்பிடத்தான் போறீங்கன்னா அந்தக் கூட்டத்துல ஏறறதே ஒரு சந்தோஷம், நிதானமா உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கணும்னா வேற கிழமை போங்க. மழை மாசத்துல படியில பாசி பிடிச்சு வழுக்கும், இடி மின்னல் வேற. மொட்டைப் பாறைல மின்னலுக்கு நம்மதான் உசரமான பொருள், அதனால தூரத்துல இடிச் சத்தம் கேட்டாலே ஏறறதை நிறுத்திட்டு இறங்க ஆரம்பிச்சுடுங்க, பாதி வந்துட்டோமேன்னு யோசிக்காதீங்க.

சித்திரை வைகாசியிலதான் லீவு கிடைக்கும், வேற வழியில்லைன்னா காலைல ஆறு மணிக்கு முதல் படில இருக்கணும், ஒன்பதுக்குள்ள கீழ வந்துடணும். அதுக்கு முந்தின நாளே திருச்சில தங்கிடறது நல்லது.

ரெண்டு வாரம் முன்னாடி

ஜிம்முக்கெல்லாம் போக வேண்டாம். தினம் சாயங்காலம் ஆத்தங்கரைல மூணு நாலு கிலோமீட்டர் கொஞ்சம் வேகமா நடங்க, மாடிப்படி இருந்தா பத்து தடவை ஏறி இறங்குங்க, இறங்கறது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன். முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை திருச்சி மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் வரைக்கும் ஏறிப் பாருங்க, அது 400 படிக்கு மேல, அங்க மூச்சு வாங்காம ஏறிட்டீங்கன்னா அய்யர்மலைய பத்தி கவலையே பட வேண்டாம். அங்கயே நெஞ்சு இறுக்கமா இருந்தாலோ, இடது கை, தாடைன்னு வலி பரவினாலோ மலையேறற பிளானை அப்படியே வச்சுட்டு முதல்ல டாக்டரைப் பாருங்க. பிரஷர் மாத்திரை போடறவங்க, மூட்டு தேய்மானம் உள்ளவங்க, மாசமா இருக்கறவங்களும் கேட்டுட்டு வாங்க.

ஏற முடியாத பெரியவங்களை வீட்டுல விட்டுட்டு வரவும் வேண்டாம், 2024ல ரோப் கார் திறந்துட்டாங்க. ஆனா பராமரிப்பு, பலமான காத்துன்னு நிறுத்தி வைக்கிற நாளும் உண்டு, முந்தின நாளே ஓடுதான்னு கேட்டுக்கங்க, அதை மட்டும் நம்பி பெரியவங்களை அழைச்சுட்டுப் போய் அடிவாரத்துல உட்கார வச்சுடாதீங்க. கோயில் நடை எப்ப சாத்துவாங்கன்னும் அப்பவே கேட்டுடுங்க.

பைல என்ன

ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, இதுல சமரசமே வேண்டாம். அதுல ஒரு லிட்டர்ல ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, டீஸ்பூன் ரெண்டும் தலை தட்டி, கலந்து வச்சுக்கங்க, வேர்வைல போற உப்புக்கு அதுதான் ஈடு. சுகர் உள்ளவங்க இதை வழக்கமாக் குடிக்காம நீர்மோர் எடுத்துக்கங்க, கூடவே மயக்கமா வந்தா வாயில போட ரெண்டு சாக்லேட். அப்புறம் கடலை மிட்டாய், நாலு பெரிய நெல்லிக்கா, ஒரு பருத்தித் துண்டு, பேண்டேஜ், தொப்பி, டார்ச். துண்டை நனைச்சு கழுத்துல போட்டுக்கலாம், வேர்வை துடைக்கலாம், இறங்கறப்போ கைப்பிடி சுட்டா அதை வச்சுப் பிடிச்சுக்கலாம்.

பை முதுகுல மாட்டறதா, ஜிப் வச்சதா இருக்கணும். கையில பிளாஸ்டிக் கவர் இருந்தா குரங்கு விடாது, அதுக்கு கவர்னாலே சாப்பாடுன்னு பழகிப்போச்சு. அர்ச்சனைத் தட்டு, தேங்காய் பழம் எல்லாம் பைக்குள்ளயே இருக்கட்டும், சந்நிதில எடுத்துக்கலாம். குரங்கு எதையாவது பிடிச்சு இழுத்தா விட்டுடுங்க, இழுபறி பண்ணினா கடிக்கும், கடிச்சா ஊசி போடணும். சாப்பாடு குடுத்துப் பழக்கவும் வேண்டாம்.

கால் விஷயம். செருப்பு போடாம ஏறறதுதான் அங்க வழக்கம், அந்த மரியாதையை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் வெறுங்காலோடதான் ஏறறேன். ஆனா அதுக்காகவே காலைல ஏறுங்கன்னு சொல்றேன். சுகர் உள்ளவங்க, பாதம் மதமதன்னு இருக்கறவங்க கெட்டியான பருத்தி சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்கங்க, பாறை சூடேறின பிறகு படியில காலே வைக்க வேண்டாம். ஒவ்வொரு மண்டபத்துலயும் கூட வர்றவங்க அவங்க உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கணும், அவங்களுக்கே தெரியும்னு விடாதீங்க.

போற வழி

அந்தப் பக்கம் ஒரு பழைய வழக்கு உண்டு, காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி திருஈங்கோய்நாதர்னு. குளித்தலை ஊருக்குள்ள ஆத்தங்கரைல கடம்பவனநாதர் கோயில், அது காலைக்கு. எட்டு கிலோமீட்டர் தெக்க அய்யர்மலை ரத்தினகிரீஸ்வரர், அதான் சொக்கர், உச்சிக்கு. ஆத்தைத் தாண்டி வடகரைல முசிறிக்கு மேற்க திருஈங்கோய்மலை, சாயங்காலத்துக்கு. மூணையும் ஒரே நாள்ல பார்த்தா ரொம்ப விசேஷம்னு சொல்லுவாங்க, பயணத் திட்டமாப் பார்த்தாலும் இதைவிட நல்ல வரிசை கிடையாது, உடம்பு சூடேற கொஞ்சம் நடை, அப்புறம் பெரிய ஏத்தம், கடைசில சின்ன ஏத்தம்.

கும்பகோணத்துலேர்ந்து கார்னா தஞ்சாவூர், திருச்சி வழியா மூணு மூணரை மணி நேரம் வச்சுக்கங்க. நாலு மணிக்கு கிளம்பினா ஏழரைக்கு குளித்தலை. பஸ்ல போறவங்க திருச்சி போய் கரூர் பஸ் ஏறினா குளித்தலைல இறங்கிக்கலாம், பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு எந்த பஸ் எங்கேர்ந்துங்கறது மாறிப்போச்சு, இறங்கினதும் கேட்டுடுங்க. ரயில்லயும் வரலாம், திருச்சி - கரூர் லைன்லதான் குளித்தலை ஸ்டேஷன் இருக்கு. குளித்தலைலேர்ந்து அய்யர்மலைக்கு மணப்பாறை ரோட்டுல போகணும், பஸ்ஸும் உண்டு ஆட்டோவும் உண்டு, ஆட்டோன்னா திரும்பி வர்றதுக்கும் சேர்த்தே பேசிடுங்க.

கடம்பர் கோயில் வடக்கு பார்த்தது, சாமி காவிரியைப் பார்த்தபடி இருக்கார், சிவன் கோயில்ல இது அபூர்வம். கருவறைல லிங்கத்துக்குப் பின்னால சப்தகன்னியர் இருக்காங்க, கவனிச்சுப் பாருங்க. தைப்பூசத்துக்கு சுத்துப்பட்டு எட்டு ஊர் சாமியும் இங்க ஆத்தங்கரைக்கு வந்து சேரும், அன்னைக்கு மலையேற பிளான் போடாதீங்க, ரோடே அடைஞ்சு கிடக்கும். இங்கயே இட்லி மாதிரி லேசா சாப்பிட்டுடுங்க. பொங்கல், பூரியெல்லாம் வேண்டாம், படி ஏறறப்போ நெஞ்சுல நிக்கும்.

ஏத்தம்

எட்டரை மணிக்கு அடிவாரம். பாத்ரூம் போறதை கீழயே முடிச்சுடுங்க. முதல் நூறு படிலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, உற்சாகத்துல தாவி ஏறி இருநூறாவது படில நாக்கு வெளிய தள்ளி உட்கார்ந்துடறாங்க. பக்கத்துல வர்றவங்களோட முழு வாக்கியமா பேசிக்கிட்டே ஏற முடியணும், அதுதான் சரியான வேகம், பேச்சு துண்டு துண்டா வந்தா வேகம் அதிகம்னு அர்த்தம். பாதம் முழுசும் படியில வைங்க, முன் பாதத்துல மட்டும் ஊனி ஏறினா கெண்டைச்சதை பிடிச்சுக்கும். நூறு படிக்கு ஒரு தடவை ரெண்டு நிமிஷம் நில்லுங்க, ரெண்டு வாய் தண்ணி, தாகம் எடுக்கலைன்னாலும். இப்படிப் பத்து நிறுத்தம் போட்டா ஒண்ணேகால் மணிலேர்ந்து ஒன்றரை மணி நேரத்துல மேல போயிடலாம். குழந்தைங்களுக்கு படி எண்ணற வேலையைக் குடுத்துடுங்க, தொண தொணன்னு எவ்வளவு தூரம்னு கேக்க மாட்டாங்க.

யாருக்காவது தலை சுத்தல், வாந்தி வர்ற மாதிரி, தலைவலின்னா அங்கேயே நிழல்ல உட்கார வைங்க, ஈரத் துண்டைக் கழுத்துலயும் அக்குள்லயும் வைங்க, உப்பு சர்க்கரைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. அரை மணில தெளிஞ்சாலும் அவங்க மேல ஏற வேண்டாம், கூட ஒருத்தர் இறங்கிடுங்க. பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ தாமதிக்காம 108.

ஏறறப்போ படில சொட்டு சொட்டா ஈரம் தெரிஞ்சா குனிஞ்சு பாருங்க. இந்த சாமிக்கு காவிரித் தண்ணி கொண்டு வந்துதான் அபிஷேகம். மாணிக்கம் வேணும்னு வந்த ஒரு ஆரிய ராஜாகிட்ட சாமி இந்தக் கொப்பரையை காவிரித் தண்ணியால நிரப்புன்னாராம், எவ்வளவு ஊத்தினாலும் நிரம்பல, கோபத்துல வாளை உருவி வெட்டிட்டான், வாட்போக்கிங்கற பேருக்கு இந்தக் கதையைத்தான் சொல்லுவாங்க, லிங்கத்து முடில அந்தத் தழும்பு இருக்குன்னு சொல்லுவாங்க. போன தடவை எனக்கு முன்னால ஒருத்தர் பித்தளைக் குடத்தைத் தோள்ல வச்சு ஏறிட்டிருந்தார், தோளுக்கும் குடத்துக்கும் நடுவுல மடிச்ச துண்டு, அவர் ஒரே ஒரு வேகம்தான் வச்சிருந்தார், நிக்கவும் இல்ல, அவசரப்படவும் இல்ல, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு சொட்டு விழுந்து நான் அங்க போறதுக்குள்ள காஞ்சுக்கிட்டிருந்தது. அவர் கால் வைக்கிறதைப் பார்த்துத்தான் நான் முழுப் பாதம் ஊன்றக் கத்துக்கிட்டேன்.

மலை முழுக்க பெரிய பெரிய பாறை, சமணர் படுக்கையும், தமிழின்னு சொல்ற ரொம்பப் பழைய தமிழ் எழுத்தும் இருக்கற மலை இது. படிய விட்டு பாறை மேல ஏறி செல்ஃபி எடுக்கறது வேண்டாம், தேஞ்ச பாறைல பாதம் பிடிக்காது. காகம் பறவா மலைன்னும் இதுக்குப் பேர், பால் குடத்தைக் கவுத்த காகத்தோட கதை அது.

உச்சியில

பத்து மணிக்கு மேல போயிடுவீங்க, உச்சிக்கால பூஜை வரைக்கும் நேரம் இருக்கும், அந்த நேரம் வீண் இல்ல. வடக்கு பார்த்து உட்காருங்க. கீழ தெரியறது அகண்ட காவிரி, மாயனூர் தாண்டி முக்கொம்பு வரைக்கும் ஆறு இப்படித்தான் பரந்து வரும், முக்கொம்புல கொள்ளிடம் தனியாப் பிரிஞ்ச பிறகு நம்ம ஊர்ல பார்க்கறது இதுல ஒரு பங்குதான். கரைய ஒட்டி ரெண்டு பக்கமும் வாழையும் தென்னையும் நெல்லுமா ஒரு பச்சைப் பட்டை, அது எங்க முடியுதுன்னு பாருங்க, வாய்க்கால் போற வரைக்கும்தான் பச்சை. இப்ப அப்படியே திரும்பி தெக்க பாருங்க, மானாவாரிக் காடு, முள்ளு, செம்மண்ணு, தூரத்துல கடவூர் பக்கத்து மலை. நடுவுல சில கிலோமீட்டர்தான் வித்தியாசம். எங்க வயலுக்கு முறை வச்சு தண்ணி விடற நாள்ல பக்கத்து வயக்காரரோட சண்டை போட்டிருக்கேன், இந்தப் பச்சையையும் காய்ச்சலையும் பக்கத்துப் பக்கத்துல மேலேர்ந்து பார்த்த அன்னைக்கு எனக்கு ரொம்ப நேரம் பேச்சே வரல.

வானம் தெளிவா இருந்தா வடக்க கொல்லிமலையும் கிழக்கால தள்ளி பச்சைமலையும் நீலமாத் தெரியும். ஆத்துக்கு அந்தக் கரைல இருக்கற மலைதான் சாயங்காலம் போகப்போற ஈங்கோய்மலை, புள்ளைங்ககிட்ட காட்டிடுங்க.

இறக்கம்

பூஜை முடிஞ்சதும் கிளம்பிடுங்க. மார்கழின்னாலும் ஒரு மணிக்கு பாறை சூடாத்தான் இருக்கும், மரத்துப்போன கால் உள்ளவங்க பூஜைக்குக் காத்திருக்காம பதினோரு மணிக்கு முன்னாடியே இறங்கிடணும். ஏறறது மூச்சுக்கு வேலை, இறங்கறது முட்டிக்கு வேலை. தொடைச் சதை நீண்டுக்கிட்டே நம்ம எடையைத் தாங்குது, அதான் கீழ வர்றப்போ தொடை கிடுகிடுன்னு ஆடும். கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி, கைப்பிடியைப் பிடிச்சு, முட்டிய லேசா மடக்கியே வச்சு சின்ன சின்ன அடியா வாங்க. ஓடி இறங்கற பசங்களைக் கண்டிச்சு நிறுத்துங்க. நாப்பது ஐம்பது நிமிஷம் ஆகும்.

சாப்பாடு கீழ வந்துதான். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிட்டு வந்திருந்தா நிழலாப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுங்க, இலையையும் பாட்டிலையும் பைலயே திரும்ப எடுத்துட்டு வந்துடுங்க. ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுங்க.

சாயங்காலம்

முதல் தடவை ஏறினவங்க இங்கேயே தன்னோட தொடையைக் கேட்டு முடிவெடுக்கணும். ஈங்கோய்மலை ஏறக்குறைய 500 படி, அகத்தியர் ஈ உருவத்துல வந்து கும்பிட்ட தலம்னு கதை, சாமி மரகதாசலேஸ்வரர், சம்பந்தர் பாடினது. தெம்பு இருந்தா குளித்தலை - முசிறி பாலத்துல ஆத்தைத் தாண்டிப் போய் நாலரைக்கு ஏற ஆரம்பிங்க, இருட்டறதுக்குள்ள கீழ வந்துடலாம், டார்ச் இதுக்குத்தான். கால் ஆடிக்கிட்டே இருந்தா அடிவாரத்துலேர்ந்து ஒரு கும்பிடு போட்டுட்டு விட்டுடுங்க, ரெண்டாவது மலைலதான் கால் பிசகும்.

ஏறலைன்னா குளித்தலைல கடம்பர் கோயில் பக்கத்து ஆத்துப் படித்துறைக்கு வந்து முழங்கால் வரைக்கும் தண்ணில வச்சு கால் மணி நேரம் உட்காருங்க, அவ்வளவு சுகமா இருக்கும். நடு ஆத்துக்கு இறங்க வேண்டாம், மேலாப்புல மணல் திட்டாத் தெரியும், பக்கத்துலயே ஆள் முழுகற பள்ளம் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

வெந்நீர்ல குளிச்சுட்டு உள்ளங்காலை வெளிச்சத்துல ஒரு தடவை பாருங்க, சுகர் உள்ளவங்க காலை வேற ஒருத்தர் பார்க்கணும், சின்னக் கொப்புளம் இருந்தாலும் உடைக்காம மறுநாளே டாக்டர்கிட்ட காட்டுங்க. தொடை வலி அன்னைக்கு தெரியாது, மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும்தான் அதிகமா இருக்கும், மாடிப்படி இறங்கறப்போ உசுரு போகும், அது சதைக்கு வேலை குடுத்ததால வர்ற வலி, மூணு நாலு நாள்ல தானாப் போயிடும். படுத்தே கிடக்காம ஆத்தங்கரைல மெதுவா ஒரு நடை நடங்க, விறைப்பு சீக்கிரம் விடும். முட்டி வீங்கினாலோ ஒரு வாரம் தாண்டி வலிச்சாலோ மட்டும் போய்க் காட்டிடுங்க.